மூன்றரை மணிப் பனி

பெருங்குடியில் ஐந்தாவது மாடி.
ஏசி பதினெட்டில் நிற்கிறது,
கூட்டவோ குறைக்கவோ எங்களுக்கு உரிமையில்லை.
ஸ்வெட்டருக்குமேல் துப்பட்டா சுற்றி
பனிவண்டி வாங்கியவர்களுக்கு
ஓட்டும் முறை சொல்கிறேன்.
பனியை நான் பார்த்தது ஃப்ரீசரில்.

பயிற்சி நான்கே நாள்.
முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள்,
பின்னால் பல்வைத்த ரப்பர் பட்டை.
வலது கட்டைவிரலில் வேகம், இடது கையில் பிரேக்.
சிவப்புக் கயிறு ஒன்று உண்டு:
ஒரு முனை வண்டியில், மறு முனை உன் சட்டையில்.
நீ தெறித்து விழுந்தால் எஞ்சின் தானே அணைந்துவிடும்.
என் ஸ்கூட்டிக்கு அப்படியொரு கயிறு இருந்திருந்தால்
மேடவாக்கம் கூட்ரோட்டில்
என் முட்டிக்குத் தையல் விழுந்திருக்காது.

வளைவில் உள்பக்கம் சாய்.
மலைச்சரிவில் மேட்டுப்பக்கம் சாய்.
உறைந்த ஏரியைக் கண்ணால் நம்பாதே,
துளை போட்டு அளந்துவிட்டு ஏறு.
தனியாகப் போகாதே.
இதையெல்லாம் ஒரு நாளைக்கு
நாற்பது தடவை சொல்கிறேன்,
ஏரி என்றதும் எனக்கு வேளச்சேரி ஞாபகம் வந்தாலும்.

நேற்று ஒரு பெண். கோரின்.
மானிடோபாவில் எங்கோ காட்டோரம்.
பழைய வண்டி, வாங்கி மூன்றாம் நாள், தனியாகத்தான் போயிருக்கிறாள்.
அங்கே சாயங்காலம் நாலு.
இன்னும் முக்கால் மணியில் இருட்டிவிடும் என்றாள்.
இங்கே விடிகாலை மூன்றரை.
வண்டி இடுப்புவரை புதைந்து கிடக்கிறதாம்.
பின்னால் எஞ்சின் அலறுவது எனக்கே கேட்டது.

திரையில் பதில் இருந்தது.
எட்டாம் பக்கம், ஆறு படிகள், மரியாதையான ஆங்கிலம்.
என் வாயில் வந்தது வேறு.

போன வருஷம் பட்டினப்பாக்கத்தில்
படகிலிருந்தே நெத்திலி வாங்கும் ஆசையில்
ஸ்கூட்டியை மணலுக்குள் இறக்கிவிட்டேன்.
திருக, திருக
பின்சக்கரம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.
வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்:
"முறுக்காத மா! உனக்கு நீயே குழி தோண்டுற!
எறங்கு. முன்னாடி மண்ண மிதி.
நல்லா மிதிச்சுட்டு அப்புறம் மெதுவா."

அதையே சொன்னேன் கோரினுக்கு.
விரலை எடு. இறங்கு.
முன்னால் பத்தடி பனியை மிதித்து இறுக்கு.
சறுக்குக் கட்டையைப் பிடித்து
மிதித்த பக்கமாகத் திருப்பி இழு.
உட்காராதே; ஒரு முட்டி மட்டும் வண்டிமேல்.
இப்போது வேகம், ஆனால் கொஞ்சம்.
தூங்குகிற குழந்தையின்
கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல.

மூச்சு.
மிதிக்கும் சத்தம்: நறுக், நறுக்.
பனி அப்படித்தான் சத்தம் போடுமா?
காய்ந்த அப்பளம் என்று நினைத்தேன்.
பிறகு எஞ்சின், அலறாமல்,
தொண்டையைச் செருமிக்கொண்டு,
பிறகு ஒரு சிரிப்பு, நீளமாக, மூக்கு ஒழுகிக்கொண்டே.

வீட்டுக்குப் போகும்வரை பேசிக்கொண்டே வா என்றேன்.
அழைப்பு நேர வரம்பு ஒன்பது நிமிடம்.
முப்பத்தொன்று ஓடியது.
டீம் லீடர் கண்ணாடிக்கு அப்பால்
விரலால் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
நான் சிவப்புக் கயிறு சட்டையில் இருக்கிறதா என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில், கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்:
உங்கள் ஊரில் இப்போது பனி உண்டா?

உண்டு என்றேன்.
பொய் இல்லை.
தை மாதம்; தரையைத் துளைக்கும் என்பார்கள்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை
ஆங்கிலத்தில் விளக்க
எனக்கு நேரமில்லை.

ஆறு மணிக்குக் கீழே வந்தேன்.
ஸ்கூட்டி சீட்டில் ஈரம்.
பள்ளிக்கரணைப் பக்கமிருந்து
குப்பைப் புகையும் மூடுபனியும்
ஒன்றாகவே வந்தன.
விரலால் சீட்டைத் துடைத்தேன், ஜில்லென்றது.
வலது கட்டைவிரல்
இல்லாத ஒரு விசையைத் தேடியது.